செல்போர்ன் சிற்றூரில் ஒரு பகல்

இங்கிலாந்து நாட்டுக்குச் செல்லும் நம்மவர், லண்டன் மாநகரின் கோபுரங்களையும் பாலங்களையும் அருங்காட்சியகங்களையும் கண்டு களித்துத் திரும்புவதே வழக்கமாக உள்ளது. அந்நாட்டின் சிற்றூர்களைக் காண எண்ணுவோர் சிலரே. கோடை விடுமுறையில் லண்டன் பங்கு ஒன்றில் உதவிப் பணி புரியச் சென்றிருந்த எனக்கு, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கிடைத்தது. அத்தகைய ஜூன் மாத நாள் ஒன்றை, ஹாம்ப்ஷயர் மாவட்டத்தின் கிழக்கு எல்லையை ஒட்டியுள்ள செல்போர்ன் என்னும் ஊருக்கென்று ஒதுக்கினேன். அங்கே கோட்டை இல்லை, அரண்மனை இல்லை, பேராலயமும் இல்லை. ஒரு தெரு, ஒரு கோவில், ஒரு குன்று, அக்குன்றின் மீது ஒரு காடு, அவ்வளவே. அப்படியிருந்தும் ஏன் அவ்வூரைத் தேர்ந்தெடுத்தேன் என்று வாசகர்கள் வினவக்கூடும்.

காரணம் ஒரு பழங்கடன். குருமடத்தில் நாங்கள் பயின்ற நாட்களில், நல்ல ஆங்கில நடை கைவர வேண்டுமென்று சில நூல்களை வாசிக்கத் தந்தனர். அவற்றுள் ஒன்று, கில்பர்ட் ஒயிட் என்னும் ஆங்கிலத் திருச்சபைக் குருவானவர் எழுதிய ‘செல்போர்னின் இயற்கை வரலாறும் தொன்மைகளும்’ என்பதாகும். 1789ஆம் ஆண்டினைத் தாங்கி வெளிவந்த அந்நூல் இன்றளவும் மீண்டும் மீண்டும் அச்சேறி வருகின்றது. இருபது பக்கம் புரட்டியதும் நான் அதனை நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். குருவாகப் போகிறவனுக்குத் தகைவிலான் குருவியும் மண்புழுவும் எதற்கு என்பது அன்றைய என் எண்ணம். முப்பது ஆண்டுகள் கழித்து அந்நூலை முழுமையாக வாசித்தபோதுதான், கைவிட்டது எத்தகைய செல்வம் என்பதனை உணர்ந்தேன்.

லண்டன் வாட்டர்லூ நிலையத்தில் புறப்படும் வண்டி ஒரு மணி நேரத்திற்குச் சற்று மேலாக ஓடி, ஆல்ட்டன் என்னும் சிறு நகரில் நின்றுவிடுகிறது. அங்கிருந்து செல்போர்ன் 4 மைல் தொலைவு. பேருந்து உண்டு, ஆனால் அடிக்கடி இல்லை. நல்ல காலணி உடையோர் ஆல்ட்டனிலிருந்தே நடந்து வரலாம். ‘ஹேங்கர்ஸ் வே’ எனப்படும் 21 மைல் நெடும்பாதை அந்நகரில் தொடங்கி, செல்போர்ன் வழியாகத் தெற்கே செல்கின்றது. இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தைப் பற்றி ஒன்றினை முதலிலேயே அறிந்துகொள்ளுதல் நலம். நிலம் தனியாருக்கு உரியதாயினும், அதனூடே செல்லும் ஒற்றையடிப் பாதை பொதுமக்களுக்கு உரியதாக இருக்கலாம். அத்தகைய பாதைகளையெல்லாம் முறையாகப் பதிவு செய்யும் ஏற்பாடு 1949ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. கோதுமை வயலின் நடுவே, பசுக்கள் மேயும் புல்வெளியின் நடுவே, நாம் அச்சமின்றி நடந்து செல்லலாம். உழவர் நம்மைக் கண்டு கையசைப்பாரேயன்றிக் கோபிப்பதில்லை. வாயிற்கதவினை மட்டும் திறந்தபடியே விட்டுவிடலாகாது.

ஊருக்குள் நுழைந்ததும் கோவிலுக்கு முன்னே ஒரு சிறு புல்தரை காணப்படுகிறது. அதன் பெயர் பிளெஸ்டர். விளையாட்டுக்களம் என்னும் பொருளுடைய பழஞ்சொல்லின் திரிபு அது என்று ஒயிட் எழுதுகிறார். முற்காலத்தில் அதன் நடுவே மாபெரும் ஓக் மரம் ஒன்று கிளை பரப்பி நின்றதாம். அடியைச் சுற்றிக் கற்படிகளும் இருக்கைகளும் இருந்தன. கோடை மாலைகளில் முதியோர் அங்கு அமர்ந்து வழக்குரைக்க, இளையோர் ஆடிப் பாடுவர். 1703ஆம் ஆண்டுப் பெரும்புயலில் அம்மரம் வேரோடு சாய்ந்தது. ஊரார் அடைந்த துயரம் கொஞ்சமன்று. அப்போதைய பங்குக் குரு தம் பணத்தைச் செலவிட்டு, சாய்ந்த மரத்தை மீண்டும் நிமிர்த்தி நடச் செய்தார். சில காலம் தளிர்த்தது. பிறகு வாடி மடிந்தது.

இந்நிகழ்ச்சியை நான் விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. பிளெஸ்டரைக் கடந்து தூய மரியன்னை ஆலயத்தின் முற்றத்தில் அடியெடுத்து வைத்தால், அங்கும் ஒரு வீழ்ந்த மரத்தின் அடிப்பகுதி நம்மை எதிர்கொள்கிறது. அது யூ மரம். இங்கிலாந்தின் கோவில் முற்றங்களில் இம்மரத்தைப் பரவலாகக் காணலாம்; கருமை கலந்த பசுமையும், ஆயிரம் ஆண்டுகளையும் கடந்து நிற்கும் வலிமையும் அதற்கு உண்டு. செல்போர்ன் யூ மரத்தின் சுற்றளவை ஒயிட் அளந்து 23 அடி என்று குறித்து வைத்தார். அவர் மறைந்து 200 ஆண்டுகள் நிறைவதற்குச் சற்று முன்னர், 1990 ஜனவரி 25ஆம் நாள் வீசிய புயலில் அதுவும் சாய்ந்தது. ஊரார் கூடினர், கிளைகளைக் குறைத்தனர், மரத்தை மீண்டும் நிமிர்த்தி நட்டனர். 1703இல் நேர்ந்ததே இம்முறையும் நேர்ந்தது. மரம் பிழைக்கவில்லை. முதன்முறை தோற்றதைத் தம் ஊர் நூலிலேயே வாசித்திருந்தும் அம்மக்கள் மறுமுறை முயன்றனர் என்பதுதான் எனக்கு வியப்பாக இருந்தது. பழைய மரத்திலிருந்து வெட்டி நட்ட கிளை ஒன்று அதே முற்றத்தில் இப்போது வளர்ந்து வருகின்றது.

கோவிலின் உள்ளே தடித்த நார்மானியத் தூண்கள் நிற்கின்றன. பீடத்தின் மேல், கீழ்த்திசை ஞானிகள் குழந்தை இயேசுவை வணங்கும் பழைய ஃபிளெமிஷ் ஓவியம். ஒயிட் இறந்த 1793ஆம் ஆண்டில் அவர் தம்பி பெஞ்சமின் நினைவுக் காணிக்கையாகக் கொடுத்தது. இந்தத் தம்பிதான் அந்நூலையும் லண்டனில் பதிப்பித்தவர். தெற்கே ஒரு வண்ணக் கண்ணாடிச் சாளரம். அதில் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் பறவைகளுக்குப் போதிக்கிறார்; சூழ்ந்திருப்பவை ஒயிட்டின் நூலில் இடம்பெறும் பறவைகள். 1720இல் பிறந்த அவரது இரண்டாம் நூற்றாண்டு நினைவாக அமைக்கப்பட்ட இச்சாளரத்தின் முன் நெடுநேரம் நின்றேன். கத்தோலிக்கப் புனிதர் ஒருவர் ஆங்கிலத் திருச்சபையின் கோவிலில் இத்துணை இயல்பாகக் குடிகொண்டிருப்பதைக் காண எவருக்குத்தான் மகிழ்ச்சி உண்டாகாது!

ஒயிட்டின் கல்லறையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கோவிலின் வடபுறத்தில் புல்லுக்கிடையே ஒரு சிறு கல். அதில் பெயரின் இரண்டு முதலெழுத்துகளும், 1793 ஜூன் 26 என்னும் நாளும் மட்டுமே பொறிக்கப்பட்டுள்ளன.

அதே கல்லறைத் தோட்டத்தில் வேறொருவரும் உறங்குகிறார். 1830 நவம்பரில், கூலி போதாமல் பட்டினியால் வாடிய பண்ணைத் தொழிலாளர் இவ்வூரில் திரண்டெழுந்தபோது, கொம்பு ஊதி அவர்களை அழைத்தவர் எனப்படுபவர் அவர். மக்கள் ஏழையர் விடுதியைச் சூறையாடினர். பங்குக் குருவின் இல்லத்தை முற்றுகையிட்டு, அவர் பெறும் தசமபாகத்தைக் குறைத்துக்கொள்வதாக எழுதி வாங்கினர். பின்னர் வழக்கு நடந்தது. பலர் கடல் கடந்து ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டனர். இன்று பூந்தோட்டங்களும் தேநீர்க் கடைகளுமாகக் காட்சி தரும் அத்தெருவில் நடக்கும்போது, இதனையும் நினைவில் வைத்துக்கொள்வதே நேர்மை. ஒயிட்டின் நூலில் ஏழைகள் வருகிறார்கள். ஆனால் அவர்களுடைய பசி அதிகம் வருவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இனி அக்குருவானவரைப் பற்றிச் சிறிது கூறுவேன். அவருடைய பாட்டனார் செல்போர்னின் பங்குக் குரு. பேரன் பிறந்ததும் அந்தப் பங்கு இல்லத்திலேயே. 1749இல் குருப்பட்டம் பெற்ற பேரனுக்குத் தம் சொந்த ஊரின் பங்குக் குருவாக வேண்டும் என்ற ஆசை இருந்திருக்கலாம். ஆனால் அது ஒருநாளும் கைகூடவில்லை. செல்போர்ன் பங்கினை வழங்கும் உரிமை ஆக்ஸ்போர்டின் மாடலன் கல்லூரிக்கு இருந்தது. இவரோ ஓரியல் கல்லூரியைச் சேர்ந்தவர். ஆகவே நான்கு முறை உதவிக் குருவாக மட்டுமே அங்குப் பணியாற்றினார். அருகிலுள்ள பாரிங்டன் என்னும் ஊரிலும் ஏறத்தாழ 25 ஆண்டுகள் உதவிக் குருவே. (தொலைதூரத்துப் பங்கு ஒன்றின் வருமானத்தை, அங்கே குடியிராமலே பெற்று வந்தார் என்பதும் உண்மை. அக்காலத்தில் அது வழக்கம் என்பார்கள்; எனக்கு அது உவப்பானதாக இல்லை.) செல்போர்னை விட்டு அகலாதிருக்கும் பொருட்டு, வேறிடங்களில் கிடைத்திருக்கக்கூடிய உயர்வை அவர் பொருட்படுத்தவில்லை. 1751 முதல் தோட்டக் குறிப்பேடும், 1768 முதல் இயற்கைக் குறிப்பேடும் எழுதி வந்தார். எந்த நாளில் எந்தப் பறவை வந்தது, எந்தப் பூ மலர்ந்தது, எவ்வளவு மழை பெய்தது என்று ஆண்டுதோறும் எழுதினார். 1783இல் பங்கின் மக்களை எண்ணி 676 பேர் என்று குறித்தவரும், அதே கோடையில் நண்பகற் சூரியன் ஒளியிழந்து நிலவுபோல் தோன்றிய விந்தைப் புகைமூட்டத்தைக் குறித்தவரும் அவரே. ஐஸ்லாந்தில் எரிமலை வெடித்ததன் விளைவே அப்புகை.

அவர் கல்லறையருகே நின்றபோது என்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டேன். இதுவரை ஏழு பங்குகளில் பணியாற்றியிருக்கிறேன். ஒவ்வொன்றின் குடும்ப அட்டைகளையும் கணக்கேடுகளையும் நன்கு அறிவேன். கோவில் முற்றத்தில் நின்ற மரங்கள் யாவை என்று எவரேனும் கேட்டால், இரண்டு பங்குகளுக்குத்தான் என்னால் விடை கூற இயலும்.

ஒயிட் வாழ்ந்த ‘வேக்ஸ்’ இல்லம் தெருவிலேயே உள்ளது. 1955 முதல் அருங்காட்சியகமாகத் திறந்திருக்கிறது. அதனை வாங்கப் பொதுமக்களிடம் திரட்டிய நன்கொடை போதவில்லை. ராபர்ட் வாஷிங்டன் ஓட்ஸ் என்பவர் முன்வந்து பணம் தந்தார். பதிலாகத் தம் குடும்பத்து ஆய்வுப் பயணியரின் நினைவுகளுக்கும் இடம் கேட்டார். இதனால், பனிவெளியில் தோழர்களுக்குச் சுமையாக இருத்தல் ஆகாதென்று 1912 மார்ச்சில் கூடாரத்தை விட்டு வெளியேறி உயிர் துறந்த கேப்டன் லாரன்ஸ் ஓட்ஸின் நினைவுப் பொருள்களும் அதே கூரையின்கீழ் உள்ளன. உலகின் தென்கோடிவரை சென்றவரும், தம் பங்கின் எல்லையைப் பெரும்பாலும் தாண்டாதவரும் ஒரே வீட்டைப் பகிர்ந்துகொள்கின்றனர்!

வீட்டைவிடத் தோட்டமே எனக்குப் பிடித்தது. 1761இல் அவர் அமைத்த ‘ஹாஹா’ இன்றும் உள்ளது. தோட்டத்தின் எல்லையில் சுவர் எழுப்பாமல், பள்ளம் தோண்டி அதன் ஒருபுறத்தில் சுவர் கட்டிவிடுவர். ஆடுமாடுகள் உள்ளே வர இயலாது, பார்வைக்கோ தடையே இராது. புல்தரை குன்றின் அடிவரை ஒரே விரிப்பாகத் தோன்றும். தொலைவில் ஹெர்க்குலிஸ் வீரனின் உருவம் நிற்கிறது. கிட்டே சென்று பார்த்தால் அது வெறும் பலகையில் தீட்டிய படம்! பெருஞ்செல்வர் தம் தோட்டங்களில் பளிங்குச் சிலை வைத்த காலத்தில், உதவிக் குருவின் வருவாய்க்கு ஏற்றது பலகைதான். மதுப் பீப்பாய் ஒன்றைப் பக்கவாட்டில் திறந்து, சுழலும்படி அமைத்த இருக்கையும் உண்டு. காற்று எப்பக்கம் வீசினாலும் அதற்கு முதுகைக் காட்டியவாறு அமர்ந்து பறவைகளைப் பார்க்கலாம். இன்று நாம் காண்பவை பழையன போலவே செய்துவைத்தவை.

இத்தோட்டத்தில்தான் திமோத்தி என்னும் ஆமை உலவியது. ஒயிட்டின் அத்தை சசெக்ஸில் நாற்பது ஆண்டுகள் வளர்த்த நில ஆமை அது. அத்தை இறந்தபின், 1780 மார்ச்சில், குளிர்கால உறக்கத்தில் இருந்த ஆமையை மண்ணிலிருந்து தோண்டியெடுத்து, 80 மைல் வண்டிப் பயணத்தில் செல்போர்னுக்குக் கொண்டுவந்தார். வண்டியின் குலுக்கலில் விழித்துக்கொண்ட ஆமை தோட்டத்தின் கோடிவரை இருமுறை நடந்து சென்றதாம். மறுபடியும் மண்ணுக்குள் புதைந்துகொண்டது. வண்டிச் சக்கரம் ஏறினாலும் தாங்கக்கூடிய ஓடு பெற்றும், மழைத்துளிக்கு அஞ்சி ஓடி ஒளிவதைக் கண்டு அவர் நகைக்கிறார். எசமானர் மறைந்த மறு ஆண்டில் ஆமையும் மாண்டது. அதன் ஓடு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. அதனை ஆராய்ந்தோர் திமோத்தி உண்மையில் பெண் ஆமை என்று கண்டனர்!

நண்பகலுக்குப் பின் குன்றேறினேன். ஊருக்கு மேல் ஏறத்தாழ 300 அடி உயர்ந்து நிற்கும் இச்சுண்ணாம்புக் குன்றின் சரிவு முழுவதும் பீச் மரங்கள் அடர்ந்துள்ளன. செங்குத்தான சரிவில் தொங்குவதுபோல் நிற்பதால் இத்தகைய காட்டினை அப்பகுதி மக்கள் ‘ஹேங்கர்’ என்பர். 1753இல் ஒயிட்டும் அவர் தம்பி ஜானும் சரிவில் ‘சிக்சாக்’ என்னும் வளைந்து வளைந்து ஏறும் பாதையை வெட்டினர். 270 ஆண்டுகள் கடந்தும் அதுவே குன்றேறும் வழி. ஐம்பதைத் தாண்டிய என் முழங்கால்கள் ஒவ்வொரு திருப்பத்திலும் ஓய்வு கேட்டன. நின்ற இடந்தோறும் கோவில் கோபுரமும் கூரைகளும் சற்றே சிறுத்துத் தெரிந்தன. பாதையை வெட்டியவர் நம்மைப் போன்றோரையும் எண்ணித்தான் வெட்டினார் போலும்.

உச்சியில் பரந்த பொதுநிலம். 1932 முதல் இக்குன்று ‘நேஷனல் டிரஸ்ட்’ என்னும் அறநிறுவனத்தின் காப்பில் உள்ளது. சுற்றுவட்டாரம் முழுவதும் 2010இல் உருவான ‘சவுத் டவுன்ஸ்’ தேசியப் பூங்காவில் அடங்கும். மாடுகள் மேய்கின்றன, நுழைவுக் கட்டணம் இல்லை, காவலரும் இல்லை. இத்தகைய புல்வெளிகளை நோக்கியே ஒயிட் மண்புழுவைப் பற்றிய கருத்துக்கு வந்தார். 1777இல் எழுதிய மடலில், இழிவாகக் கருதப்படும் இப்புழு நிலத்தைத் துளைத்து, மழைநீர் இறங்கவும் வேர்கள் ஓடவும் வழி செய்கின்றது என்றும், அஃது இல்லாவிடில் மண் இறுகி மலடாகும் என்றும் எடுத்துரைத்தார். தோட்டத்தில் புழுவைக் கண்டால் நசுக்கிய உழவர்கள் வாழ்ந்த காலம் அது. இளமையில் இந்நூலை வாசித்துப் பறவைகளைக் கவனிக்கக் கற்றுக்கொண்ட சார்லஸ் டார்வின், ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1881இல், மண்புழுவுக்கென்றே ஒரு தனி நூல் எழுதினார்.

இறங்கி வந்து, கோவிலின் பின்புறமாகச் செல்லும் லித் சரிவுகளில் நடந்தேன். ஓடைக்கு மேலே நிழல் சூழ்ந்த இப்பாதை குன்றுப் பாதையைவிட எளியது. குழந்தைகளோடும் முதியோரோடும் வருவோர் இதனையே தேர்ந்துகொள்ளலாம். இவ்வழியே சென்றால், 1233இல் வின்செஸ்டர் ஆயர் பீட்டர் தெ ரோஷ் நிறுவிய அகுஸ்தீன் சபைத் துறவியர் மடம் இருந்த இடத்தை அடையலாம். இங்கிலாந்தில் மடங்களை அழித்தவர் எட்டாம் ஹென்றி அரசர் என்றே நாம் படித்திருக்கிறோம். செல்போர்ன் மடத்தின் கதை வேறு. ஒழுங்கு குலைந்து, கடன் மிகுந்து, துறவியரும் அருகிப்போன நிலையில், 1486இல் திருத்தந்தையின் ஆணையாலேயே அது மூடப்பட்டு, அதன் சொத்து மாடலன் கல்லூரிக்குச் சேர்ந்தது. அரசர் ஹென்றி அப்போது பிறக்கவும் இல்லை. இன்று தரைக்கு மேல் மடத்தின் சுவர் எதுவும் இல்லை. ஒரு பண்ணை இருக்கிறது.

நேரம் உடையோர் ஊருக்குத் தெற்கே நோவார் ஹில் என்னும் காப்பிடத்துக்கும் செல்லலாம். இடைக்காலத்தில் சுண்ணாம்புக்கல் தோண்டிய குழிகளில் புல் மூடி, இன்று பத்துக்கும் மேற்பட்ட ஆர்க்கிட் வகைகள் கோடையில் மலர்கின்றன. ஆல்ட்டனுக்கு அருகே சாட்டன் ஊரில், ஜேன் ஆஸ்டின் என்னும் நாவலாசிரியை 1809 முதல் 1817 வரை வாழ்ந்த இல்லம் உள்ளது. ஆல்ட்டனிலிருந்து ஆல்ரெஸ்ஃபோர்டு வரை 10 மைல் ஓடும் நீராவி இரயிலும் குழந்தைகளை மகிழ்விக்கும். எனக்கு அன்று இவற்றிற்கு நேரமில்லை.

மாலையில் மீண்டும் பிளெஸ்டரில் அமர்ந்தேன். தகைவிலான், உழவாரன் ஆகிய பறவைகளைப் பற்றி ஒயிட் எழுதிய பகுதிகளே அந்நூலின் மணிமுடி. வீட்டு இறப்பில் சேற்றால் கூடு கட்டும் தகைவிலான், நாளொன்றுக்கு அரை அங்குலத்துக்கு மேல் கட்டுவதில்லை. கட்டிய ஈரச்சேறு உலரும்வரை பொறுத்திருக்கிறது. மண்சுவர் எழுப்பும் கொத்தனாரும் அவ்வாறே செய்கிறார் என்பது அவர் கண்ட நுட்பம். அவர் தவறிய இடமும் உண்டு. குளிர்காலத்தில் இப்பறவைகளுள் சில வெளிநாடு செல்லாமல் பொந்துகளில் உறங்கிக் கிடக்கும் என்ற ஐயம் அவரை இறுதிவரை விடவில்லை. ஆட்களை அமர்த்திப் புதர்களையும் பொந்துகளையும் துருவிப் பார்க்கச் செய்தார். எதுவும் அகப்படவில்லை, அகப்படவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதினார்.

உழவாரனை அவர் ஆண்டுதோறும் எண்ணினார். எப்போதும் எட்டு இணைகள். பாதி கோவிலிலும், பாதி மிக எளிய ஓலைக்குடிசைகளிலும் கூடு வைத்தன. பிரிட்டனில் இப்பறவையின் தொகை இக்காலத்தில் வெகுவாகக் குறைந்து, 2021இல் ஆபத்து மிகுந்தவற்றின் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டுவிட்டது. தகைவிலானின் அந்த வீட்டு இனமும் உடன் சேர்ந்தது. பழைய கட்டடங்களைச் செப்பனிடும்போது கூரையின் இடுக்குகளை அடைத்துவிடுவது ஒரு காரணம். பூச்சிகள் அருகியது மற்றொன்று என்பர்.

கோவில் கோபுரத்தைப் பார்த்தவாறு அரைமணி நேரம் காத்திருந்தேன். முதலில் கீச்சென்ற குரல் கேட்டது; பின் கரிய அரிவாள் போன்ற சிறகுகள் கூரையை உரசிச் சென்றன. ஒன்று, இரண்டு, மூன்று. அவையே திரும்பி வந்தனவா, வேறு பறவைகளா என்று நிச்சயிக்க முடியவில்லை. மறுபடியும் எண்ணத் தொடங்கினேன். அதற்குள் ஆல்ட்டன் பேருந்து வந்துவிட்டது.